பக்கத்துப் பெஞ்சில் சின்னவள்

வீட்டில் அவளுக்குப் பெரியவள் என்று பெயர். கல்லூரியில் மேடம். பத்திரிகைகளில் தலைமைப் பயிற்சியாளர். எதிரணிக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் டிராஃபிக் போலீஸ் என்பார்கள். ஒரு வகையில் அதுதான் பொருத்தமான பெயர். ஆட்டம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை அவள் கைகள் ஓய்ந்ததே இல்லை. முழங்கையைத் தொடுவாள், தோளைத் தட்டுவாள், இரண்டு விரலை மடக்குவாள், உள்ளங்கையைக் கவிழ்ப்பாள். களத்தில் ஓடும் ஐந்து பெண்களும் ஓரக்கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டே ஆடுவார்கள். கல்லூரிப் பெண்களுக்கான கூடைப்பந்துக் கோப்பையை அந்தக் கைகள் ஏழு முறை வாங்கித் தந்திருந்தன.

அவள் வேலையில் சேர்ந்தபோது அந்தக் கல்லூரியில் கோப்பை வைக்க ஒரு அலமாரிகூடக் கிடையாது. அதற்கு முன் ஒரு கம்பெனி அணியில் ஆடிக்கொண்டிருந்தாள். முழங்கால் போய்விட்டது. "நடக்கலாம், மாடி ஏறலாம், ஆட மட்டும் நெனைக்காதீங்க" என்று டாக்டர் சொன்ன அதே மாதத்தில் கல்லூரியிலிருந்து தற்காலிக வேலைக்கு ஆள் கேட்டார்கள். அதுவரை பெண்கள் அணியைப் பார்த்துக்கொண்டவர் வேதியியல் ஆசிரியை. பயிற்சி நடக்கும்போது களத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவது அவர் வழக்கம். "தங்கமான பிள்ளைங்க. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட பந்து எம்மேல பட்டதில்லை" என்று பாராட்டிவிட்டு அணியை ஒப்படைத்தார்.

உள்ளரங்கம் சாயங்காலத்தில் ஆண்கள் அணிக்கு. பெண்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். கூரை ஒழுகி, களத்தின் ஒரு மூலையில் இரண்டு பலகைகள் உள்ளுக்குள் உளுத்துப்போயிருந்தன. அங்கே தட்டினால் பந்து எழும்பாமல் சோர்ந்து விழும். பழுது பார்க்கச் சொல்லி எல்லோரும் மனுப் போட்டுக்கொண்டிருந்தபோது, எதிரணிக்காரிகளை அந்த மூலைக்கு ஓட்டிக்கொண்டு போவது எப்படி என்று பெரியவள் தன் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தாள். முதல் இரண்டு வருடங்கள் சொந்தக் களத்தில் எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தார்கள், வெளியூரில் எல்லாவற்றிலும் தோற்றார்கள். பிறகு பலகையை மாற்றினார்கள். அதற்குள் பெண்களுக்கு ஓட்டிக்கொண்டு போகிற கலை கைவந்துவிட்டது. மூலை எதுவாக இருந்தாலும் சரி என்று ஆகிவிட்டது.

மூன்றாம் வருடம் உதவிப் பயிற்சியாளர் ஒருவரை வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. பெரியவள் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சின்னவளும் ஆடியவள்தான். அக்காவைவிடக் குட்டை, அக்காவைவிட ஆட்டத்தில் மூளை அதிகம் என்று இருவரையும் பார்த்தவர்கள் சொல்வார்கள்.

"அக்காவும் தங்கச்சியும் ஒரே இடத்துல வேலை பாத்தா சண்டை வராதா?" என்று முதல்வர் கேட்டார்.

"வரும் சார். சத்தம் மட்டும் வராது" என்றாள் பெரியவள்.

அது உண்மைதான். அவர்களுடைய அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா வேலை தேடி வெளியூர் போனவர் அங்கேயே வேறு குடித்தனம் வைத்துவிட்டார். இரவுப் பணிக்குப் படி கொஞ்சம் கூடுதல் என்பதால் அம்மா வருடக்கணக்காக இரவுப் பணியையே கேட்டு வாங்கினாள். வீடு என்பது ஒரே அறை. பகலெல்லாம் அம்மா தூங்குவாள். விடுமுறை நாட்களில் இரண்டு பெண்களும் அதே அறையில் சத்தமில்லாமல் இருந்தாக வேண்டும். அப்படித்தான் கைப்பேச்சு பிறந்தது. முழங்கையைத் தொட்டால் பசிக்கிறது. தோளைத் தட்டினால் நீதான் முதலில் ஆரம்பித்தாய். உள்ளங்கையைக் கவிழ்த்தால் போதும், விடு. ஒரு முழுச் சண்டையைத் தொடங்கி, உச்சத்துக்குக் கொண்டுபோய், சமாதானமும் ஆகிவிடுவார்கள். கட்டிலில் அம்மா புரண்டுகூடப் படுத்திருக்க மாட்டாள்.

அந்தச் சைகைகளே பிறகு அணியின் சைகைகள் ஆயின. பசிக்கிறது என்றால் பந்தைக் கூடைக்கு அடியில் நிற்பவளிடம் கொடு. நீதான் ஆரம்பித்தாய் என்றால் எதிராளியின் வழியை மறி. போதும், விடு என்றால் எல்லோரும் கூடைக்கு அடியில் வந்து அடை. பெஞ்சிலிருந்து கத்தினால் எதிரணிக்கும் கேட்கும், கூட்டத்தின் இரைச்சலில் சொந்த அணிக்குக் கேட்காது. கைக்கு அந்தத் தொல்லை இல்லை. எட்டு வருடங்கள் சகோதரிகள் இருவரும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். கோப்பைகள் ஒவ்வொன்றாக வந்தன. அலமாரி வாங்கினார்கள். உள்ளரங்கம் சாயங்காலத்தில் பெண்களுக்கு என்று ஆனது. ஆண்கள் அணி மதியம் வெயிலைத் திட்டிக்கொண்டே வந்து போனது.

ஐந்தாவது கோப்பை வந்த வருடம் அரையிறுதிக்கு இரண்டு நாள் முன்பு பெரியவளுக்குக் கடுமையான காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. "நீயே பாத்துக்கோ" என்று தங்கையிடம் சொல்லிவிட்டாள். சின்னவளும் உட்கார்ந்து யோசித்து, பெண்களை வைத்துப் பழக்கி, ஒரு திட்டம் போட்டாள். ஆட்டம் தொடங்கப் போகும் நேரத்தில் அரங்கத்தின் வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. பெரியவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு இறங்கினாள். அம்மா எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. நேராக வந்து பெஞ்சின் முன்னால் நின்று, போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டிச் சைகை காட்டத் தொடங்கினாள். அணி ஜெயித்தது. மறுநாள் பத்திரிகையில் போர்வையோடு அவள் படம் வந்தது. கல்லூரியில் அதைப் பெரிதாக்கி மாட்டினார்கள். இதைப்பற்றி யாராவது கேட்டால், "டீமுக்கு நான் வேணும்ல" என்பாள். அதில் அலட்டல் இல்லை. அவள் அப்படித்தான் நம்பினாள்.

ஏழாவது கோப்பை வாங்கிய கொஞ்ச நாளில் ஒரு காலை, அம்மா அவித்த முட்டையை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"சின்னவ எப்ப கிளம்புறா?"

"எங்க?"

அம்மாவின் கை நின்றது. "உங்கிட்ட சொல்லலையா?"

"என்ன சொல்லலை?"

"மாப்பிள்ளைக்கு மாத்தல் ஆகியிருக்கில்ல. அந்த ஊர்ல ஒரு காலேஜ்ல கூப்பிட்டிருக்காங்களாம். உன்ன மாதிரியே, ஹெட் கோச்சா." அம்மா முட்டையை மகளின் தட்டில் வைத்தாள். "சொல்லியிருப்பான்னு நெனச்சேன். நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்."

அன்று மதியம் உள்ளரங்கத்தில் சின்னவள் பயிற்சி உடைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் எதிரில் போய் நின்றாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப? போய்ச் சேந்த பிறகா?"

"முன்னாடியே சொன்னா, அங்க போய் எந்தப் பொண்ண எங்க நிறுத்தணும், எப்படி ஆட வைக்கணும்னு எல்லாத்தையும் நீயே முடிவு பண்ணி அனுப்பியிருப்ப."

"ஆமா, பண்ணியிருப்பேன். அதுல என்ன தப்பு?"

சின்னவள் கையிலிருந்ததை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

அதன் பிறகு நான்கு வருடங்கள் இருவருக்கும் பேச்சு இல்லை. சண்டை என்று யாரும் சொல்ல முடியாது. யாரும் யாரையும் திட்டவில்லை, உறவை முறித்ததாக அறிவிக்கவில்லை. போன் மட்டும் அடிக்கவில்லை. அம்மா பாதி வருடம் இங்கே, பாதி வருடம் அங்கே என்று இருந்தாள். பிறந்தநாள் வாழ்த்து, உடம்பு சரியில்லாத செய்தி, புது வீட்டுக்குக் குடிபோன செய்தி எல்லாம் அவள் வழியாகத்தான் போய் வந்தன. "எனக்கென்ன, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல சம்பளமா குடுக்கிறாங்க?" என்று இரண்டு வீட்டிலும் சலித்துக்கொள்வாள். ஆனால் ஒரு செய்தியும் விட்டுப்போனதில்லை.

இதில் முதல் மூன்று வருடங்களில் பெரியவளின் அணி இரண்டு முறை இறுதிப்போட்டிவரை போய்த் தோற்றது. கோப்பை வரவில்லை. சின்னவளின் கல்லூரி வேறு மண்டலத்தில் இருந்தது. அந்த அணி மண்டலத்தைத் தாண்டி வந்ததே இல்லை. நான்காம் வருடம் தாண்டியது. தாண்டியதோடு நிற்காமல் ஒவ்வொருவராகச் சாய்த்துக்கொண்டு இறுதிப்போட்டிக்கே வந்து சேர்ந்தது. எதிரில் பெரியவளின் அணி.

அம்மா அப்போது பெரியவள் வீட்டில் இருந்தாள். இரண்டு பஸ் மாறி ஆட்டம் நடக்கும் அரங்கத்துக்குத் தனியாக வந்தாள். எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று டிக்கெட் பார்க்கும் பெண் கேட்டதற்கு, "ரெண்டு பக்கம் திரும்பினாலும் கழுத்து ஒரே அளவு வலிக்கிற இடமா குடும்மா" என்றாள். அவளை நடுவில் உட்கார வைத்தார்கள். அவளுக்குக் கீழே, களத்தின் ஓரத்தில் ஸ்கோர் மேசை. மேசைக்கு இந்தப் பக்கம் பெரியவளின் பெஞ்ச், அந்தப் பக்கம் சின்னவளின் பெஞ்ச். இரண்டு பேரும் ஆட்டத்துக்கு முன் கை குலுக்கிக்கொண்டார்கள். அது விதி.

முதல் பந்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. பெரியவள் முழங்கையைத் தொட்டாள். மேசைக்கு அந்தப் பக்கத்தில் சின்னவள் அதைப் பார்த்து அந்த நொடியே உள்ளங்கையைக் கவிழ்த்தாள். அவள் பெண்கள் கூடைக்கு அடியில் கூடி நின்றுகொண்டார்கள். பந்து போக வழியில்லை. அடுத்த முறை சின்னவள் தோளைத் தட்டினாள். பெரியவளுக்கு அது தமிழ் மாதிரி புரிந்தது. தன் ஆட்களை விலகி ஓடச் சொன்னாள். அந்தத் தாக்குதலும் புஸ்ஸென்று போயிற்று.

இரண்டு பேருமே சைகையை மாற்றவில்லை. பெரியவள் நினைத்தது, விட்டுப்போனவள் அவள், மாற்ற வேண்டியதும் அவள். சின்னவள் நினைத்ததை அவள் வார்த்தையிலேயே பின்னால் அம்மாதான் வந்து சொன்னாள்: "அதெல்லாம் நான் கண்டுபிடிச்சது, அக்கா பாத்து கத்துக்கிட்டா. என்னோடத நான் எதுக்கு மாத்தணும்?"

ஆட்டம் பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டு அணிகளும் பந்தை எடுத்துக்கொண்டு போவதும், சுவரில் முட்டிய மாதிரி நிற்பதும், நேரம் தீர்ந்து பந்தைப் பறிகொடுப்பதுமாக இருந்தன. தொலைக்காட்சி வர்ணனையாளர் இதைத் தற்காப்பின் உச்சம் என்றார். பெஞ்சில் இருந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும், இது தற்காப்பு இல்லை, ஒட்டுக்கேட்பது என்று. கூட்டத்தில் சிலர் கொட்டாவி விட்டார்கள். சிலர் போனை எடுத்துக்கொண்டார்கள். பெரியவள் ஒரு தந்திரம் செய்து பார்த்தாள். ஒன்றைக் காட்டி, கண்ணால் வேறொன்றைச் சொன்னாள். சின்னவள் ஏமாறவில்லை. சொந்தப் பெண்கள் ஏமாந்தார்கள். அணித்தலைவியும் இன்னொருத்தியும் நேருக்கு நேர் மோதிக்கொண்டார்கள்.

இடைவேளையில் உடைமாற்றும் அறையில் அணித்தலைவி நெற்றியில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைக் கொக்கு என்பார்கள். உயரம், நீளக் கழுத்து, மணிக்கணக்கில் வாயைத் திறக்காத சுபாவம். நான்கு வருடமாக அணியில் இருப்பவள்.

பெரியவள் பலகையில் கட்டம் போட்டு ஏதோ விளக்கத் தொடங்கினாள்.

"மேடம், ஒண்ணு சொல்லலாமா?" என்றாள் கொக்கு.

"சொல்லு."

"நீங்க கை காட்டுறது எங்களுக்குப் புரியுறதுக்கு முன்னாடி அவங்களுக்குப் புரியுது."

"தெரியும். அதுக்குத்தான் இப்ப..."

"அப்ப காட்டாதீங்க மேடம்."

ஒருத்தி ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"காட்டாம?"

"நாங்க ஆடுறோம். நாலு வருஷமா இதத்தானே மேடம் பண்றோம். எங்களுக்குத் தெரியும்."

பெரியவளிடம் நான்கைந்து பதில்கள் இருந்தன. எல்லாமே சரியான பதில்கள். ஆட்டத்தின் போக்கு களத்துக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாது, வெளியே நிற்பவர்களுக்குத்தான் தெரியும் என்பது அதில் ஒன்று. எதையும் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"சரி, போங்க" என்றாள்.

பெஞ்சில் உட்கார்ந்தாள். பயிற்சியாளராகி இத்தனை வருடத்தில் ஆட்டம் நடக்கும்போது உட்கார்ந்தது அன்றுதான். கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. மடியில் வைத்தால் தானாக எழுந்தன. கடைசியில் இரண்டையும் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

முதல் சில நிமிடங்கள் படுமோசம். பெண்கள் பழக்கதோஷத்தில் பெஞ்சை ஓரக்கண்ணால் பார்த்தார்கள், அங்கே ஒன்றும் இல்லாததைப் பார்த்துத் தடுமாறினார்கள். இரண்டு முறை பந்து கைமாறியது. பிறகு கொக்கு பார்ப்பதை நிறுத்தினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்தினார்கள். ஆட்டம் இளகியது. யார் எங்கே ஓடுவார்கள் என்று அவர்களுக்கே அடுத்த நொடிவரை தெரியவில்லை, பிறகு எப்படிச் சின்னவளுக்குத் தெரியும். கூட்டம் போனை உள்ளே வைத்தது. மூன்றாவது கால் பகுதி முடியும்போது பெரியவளின் அணி பன்னிரண்டு புள்ளிகள் முன்னால் இருந்தது.

உட்கார்ந்து பார்த்ததில் பெரியவளுக்குச் சில விஷயங்கள் தெரியவந்தன. தன் அணியிலேயே குள்ளமான பெண் பந்தைக் கொடுப்பதற்கு முன் வலது பக்கம் ஒரு முறை பொய்யாகப் பார்ப்பாள் என்பது. கொக்கு ஆடும்போது ஓயாமல் பேசுவாள் என்பது. பின்னால் வா, நான் இருக்கேன், விடு விடு, எனக்குக் குடு என்று சன்னமான குரலில் பேசிக்கொண்டே இருந்தாள். நான்கு வருடத்தில் அந்தக் குரலைப் பெரியவள் கேட்டதில்லை. கை காட்டுகிற மும்முரத்தில் காதில் விழுந்ததில்லை.

கடைசிக் கால் பகுதியில் சின்னவள் வேறு ஏதோ செய்தாள். தன் ஐந்து பேரையும் கோடு பிரித்து நிறுத்தினாள். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு. அந்த மூவரும் பந்தை வைத்திருப்பவளை விடாமல் துரத்தினார்கள். பெரியவள் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பன்னிரண்டு புள்ளி எட்டு ஆனது, ஐந்து ஆனது, இரண்டு ஆனது. பிறகு சின்னவளின் அணி ஒரு புள்ளி முன்னால் போயிற்று. ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தன. பந்தும் அவர்களிடமே இருந்தது. அப்படியே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினால் போதும்.

அப்போது சின்னவள் அக்காவின் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். இடைவேளைக்குப் பிறகு நூறு தடவை அப்படிப் பார்த்திருப்பாள், படிக்க ஏதாவது கிடைக்காதா என்று. இந்த முறை அவள் கண் அக்காவைத் தாண்டி மேலே போயிற்று. மேலே படிக்கட்டில் அம்மா எழுந்து நின்றிருந்தாள். கைப்பிடியைப் பிடிக்கவில்லை. ஒரு படி இறங்கியவள் லேசாக ஆடினாள்.

சின்னவள் காது மடலை இரண்டு முறை இழுத்தாள்.

அந்தச் சைகைக்கு ஆட்டத்தில் எந்தப் பொருளும் இல்லை. அதை அவர்கள் அணிக்குக் கொண்டுவரவே இல்லை. அந்த ஒற்றை அறையில் அதற்கு ஒரே பொருள்தான்: அம்மா எழுந்துவிட்டாள், பார்.

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் டிக்கெட் பார்க்கும் பெண் ஓடிவந்து அம்மாவின் முழங்கையைப் பிடித்திருந்தாள். அம்மா அவளிடம் ஏதோ கேட்டாள், அவள் வெளியே கை காட்டினாள், இருவரும் மெதுவாக வாசல் பக்கம் போனார்கள். பெரியவள் தொடைக்கு அடியிலிருந்து ஒரு கையை எடுத்து, ஒன்றுமில்லை என்று தங்கைக்குக் காட்டினாள். அப்போது அரங்கமே எழுந்து நின்று கூச்சல் போட்டது.

நடந்ததை இருவரும் தங்கள் பெண்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள், பிறகு வீடியோவில் பார்த்தார்கள். பந்தை வைத்திருந்த பெண் தன் பயிற்சியாளரின் கையைப் பார்த்தாள். காது மடலை இழுப்பதைப் பார்த்து, இது என்ன புதிதாக என்று ஒரு கணம் நின்றாள். அந்த ஒரு கணம் கொக்குக்குப் போதுமாக இருந்தது. நீளக் கையை நீட்டிப் பந்தைத் தட்டி, தனியாக ஓடிப்போய்க் கூடையில் போட்டாள். மீதியிருந்த நேரத்தில் எதிரணி எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. எட்டாவது கோப்பை ஒரு புள்ளியில் வந்தது. அதை வாங்கித் தந்த பந்தை அக்காவும் பார்க்கவில்லை, தங்கையும் பார்க்கவில்லை, அம்மாவும் பார்க்கவில்லை.

பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து உருண்டார்கள். பெரியவள் எழுந்தபோது கைகள் மரத்துப்போயிருந்தன. உதறிக்கொண்டாள். பெரிய சந்தோஷம் என்று எதுவும் தோன்றவில்லை. ஏதோ பஸ்ஸில் அசந்துவிட்டு, கண் விழித்துப் பார்த்தால் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது போல இருந்தது. உட்கார்ந்தே ஜெயித்தது என்ன வியூகம் என்று நிருபர்கள் கேட்டார்கள். "கேப்டன கேளுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

அரங்கத்தின் பின்பக்கத் தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய்கள் வரிசையாக இருந்தன. சின்னவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பெரியவள் அடுத்த குழாயைத் திறந்தாள்.

"அம்மா எங்க?" என்றாள் சின்னவள், நிமிராமல்.

"வெளிய உட்கார்ந்து டீ குடிக்கிறா. பாத்ரூம் போகத்தான் எழுந்தாளாம்."

"கைப்பிடியப் பிடிக்காம இறங்கினா. விழுந்துருவான்னு நெனச்சேன்."

"அந்தப் பந்து அதுலதான் போச்சு."

"தெரியும்."

"நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. எனக்குப் பின்னாடிதானே."

"விழுந்திருந்தா?"

பெரியவள் குழாயை மூடினாள். நான்கு வருடத்துக்கும் சேர்த்து இவ்வளவு பேசியதே அதிகம் என்று தோன்றியது.

"நீ உட்கார்ந்துட்ட" என்றாள் சின்னவள்.

"கொக்கு சொன்னா."

"அந்தப் பொண்ணு ஒரு தடவ சொன்னதும் கேட்டுட்ட."

"நீ சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேன்."

"எட்டு வருஷம் சொன்னேன்க்கா. வாயாலயும் சொன்னேன், கையாலயும் சொன்னேன். நீ காட்டுற கைய எல்லாரும் பாக்கணும். வேற யாரு கையையும் நீ பாத்ததே இல்ல." சின்னவள் குரலை உயர்த்தவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, மளிகைச் சாமான் சொல்வது போலச் சொன்னாள். "காய்ச்சல்ல கெடந்த அன்னைக்கு நீயே பாத்துக்கோன்னு சொன்ன. ரெண்டு நாள் தூங்காம ஒரு பிளான் போட்டேன். போர்வையச் சுத்திக்கிட்டு வந்து நின்ன. அன்னைக்கு என்ன பிளான் போட்டிருந்தேன்னு இன்னைக்கு வரைக்கும் நீ கேக்கலை."

பெரியவள் யோசித்துப் பார்த்தாள். கேட்கவில்லைதான். ஒரு திட்டம் இருந்திருக்கும் என்பதே அவளுக்கு நினைவில் இல்லை.

"என்ன பிளான்?"

"இப்ப எதுக்கு? கடைசி குவார்ட்டர்ல பாத்தியே. முன்னாடி மூணு, பின்னாடி ரெண்டு. அதேதான்."

பெரியவள் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள். பன்னிரண்டு புள்ளியை விழுங்கியது எது என்று ஆட்டத்தின்போதே அவள் மனது குறித்துவைத்திருந்தது. யாரிடமிருந்து வந்தாலும் திருடிக்கொள்ள வேண்டிய ஆட்டம் என்று தோன்றியிருந்தது. அது தன் பெஞ்சிலேயே பல வருடங்கள் கிடந்திருக்கிறது.

"நல்லா இருந்தது" என்றாள். "என் பசங்களுக்கு மூச்சு முட்டிருச்சு."

"தெரியும்" என்றாள் சின்னவள். ஆனால் சிரித்தாள்.

தாழ்வாரத்தின் கோடியில் அம்மா காகிதக் கோப்பையோடு வந்துகொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் இங்கயா இருக்கீங்க? ஆட்டம் முடிஞ்சுதா இல்லையா? யாரு ஜெயிச்சா?"

"பெரியவதான்" என்றாள் சின்னவள்.

"எப்படி? நான் போறப்ப நீதானே முன்னாடி இருந்த?"

"அது அப்படித்தாம்மா. ஒரு பந்துல மாறிரும்."

இரண்டு பேரும் அதற்குமேல் சொல்லவில்லை. வீடியோவை அம்மாவுக்குக் காட்டவும் இல்லை.

பேச்சு மறுபடி தொடங்கியது. கண்ணீர், கட்டிப்பிடிப்பு ஒன்றும் கிடையாது. போன் வரும், அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரையில் தொடங்கி, யாரோ ஒரு நடுவரைத் திட்டுவதில் முடியும். அடுத்த வருடம் கொக்கு படிப்பு முடித்துப் போய்விட்டாள். பெரியவள் உட்கார முயன்றாள். சில ஆட்டங்களில் பாதி நேரம் உட்கார்ந்தாள், சிலவற்றில் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டாள். இத்தனை வருடப் பழக்கம் ஒரு நாள் சாயங்காலத்தில் போய்விடுமா என்ன. புதுப் பெண்கள் அவள் உட்கார்ந்தால் பயந்தார்கள், கோபமாக இருக்கிறாள் என்று. அரையிறுதியில் தோற்றார்கள். சின்னவளின் அணி இறுதிக்குப் போயிற்று. பெரியவளும் அம்மாவும் ரயில் ஏறிப் போய் அதைப் பார்த்தார்கள். சின்னவள் அலட்டிக்கொள்ளாமல், நிறைய வித்தியாசத்தில், கோப்பையை வாங்கினாள். மறுநாள் காலை பயிற்சி இருந்ததால் பெரியவள் பரிசளிப்புக்கு இருக்கவில்லை. அம்மாவைத் தங்கையிடம் விட்டுவிட்டு ரயிலைப் பிடித்தாள்.

கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"எப்படி இருந்தது?" என்றாள் சின்னவள். பின்னால் பெண்கள் போடும் ஆட்டபாட்டம் கேட்டது.

"நல்லா இருந்தது. மூணாவது குவார்ட்டர்ல அந்த ஏழாம் நம்பர் பொண்ண எதுக்கு வெளிய எடுத்த? நல்லாத்தானே ஆடிக்கிட்டு இருந்தா?"

"கால் பிடிச்சுக்கிச்சு."

"எனக்கு அப்படித் தெரியலையே. நான் அவளத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"பாத்தா தெரியாது. அவளே வந்து சொன்னா."

பெரியவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கால் பிடித்துக்கொண்டது என்று தன்னிடம் வந்து சொன்ன பெண் யாராவது உண்டா என்று நினைத்துப் பார்த்தாள். ஒருத்தியாவது இருந்திருப்பாள். உடனே யாரும் நினைவுக்கு வரவில்லை.

"என்னக்கா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். அவகிட்ட நீ என்ன கேட்ட? அவளா வந்து சொல்ற மாதிரி என்ன பண்ணின?"

"என்ன பண்ணினேன்... இரு, சொல்றேன்" என்று சின்னவள் தொடங்கினாள். பெரியவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.